போர்வை முடிந்தால்தான் அடுத்த துணி: மிசௌரி ஸ்டார் கடையின் கதை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஹாமில்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே 2008 வாக்கில் ஆலன் டோன் என்ற இளைஞர் தன் அம்மா ஜென்னியிடம் ஒரு போர்வையைப் பற்றி விசாரித்தார். ஜென்னி தன் பங்குக்குத் தைத்துவிட்டு, கடைசிக்கட்ட வேலைக்காக வெளியே கொடுத்திருந்த போர்வை அது. எந்தப் போர்வை என்பதே ஜென்னிக்கு நினைவில்லை. கொடுத்து அத்தனை மாதம் ஆகியிருந்தது. எந்திரம் வைத்திருந்தவரிடம் அதற்கு முன்னால் வரிசையில் கிடந்த போர்வைகள் அவ்வளவு.

இணையத்தில் பொருள் விற்கிறவர்கள் என்னிடம் யோசனை கேட்கும்போது நான் சொல்லத் தொடங்குவது இந்த மறந்துபோன போர்வையிலிருந்துதான். இந்த அம்மாவும் பிள்ளைகளும் பின்னால் தொடங்கிய துணிக்கடையான மிசௌரி ஸ்டார் குவில்ட் கம்பெனியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் யூடியூபில் ஆரம்பிப்பார்கள். ஒரு பாட்டி வீடியோ போட்டார், உலகம் முழுக்கப் புகழ் பெற்றார், கடை பெருகியது என்று முடித்துவிடுவார்கள். அந்த வீடியோக்கள் ஏன் துணி விற்றன, அதே காலத்தில் அதைவிட அழகாக எடுக்கப்பட்ட ஆயிரம் வீடியோக்கள் ஏன் விற்கவில்லை என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. விடை அந்தக் காத்திருப்பு வரிசையில் இருக்கிறது.

முதலில் குவில்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்கு விரிப்பு தைக்கும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. குவில்ட் அதற்குத் தூரத்து உறவு. மூன்று அடுக்கு. மேலே, சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டிச் சேர்த்துக் கோலம் போல அமைத்த மேல்துணி. நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. கீழே அடித்துணி. இந்த மூன்றும் நகராமல் இருக்கப் போர்வை முழுக்கத் தையல் ஓட்ட வேண்டும். மேல்துணியை வீட்டுத் தையல் மெஷினிலேயே தைத்துவிடலாம். மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் முதுகை ஒடிக்கும் வேலை. நீளமான சட்டத்தில் துணியை விரித்துக் கட்டி, நீண்ட கையுள்ள ஒரு பெரிய எந்திரத்தை அதன்மேல் ஓட்டுவார்கள். அந்த எந்திரம் எல்லோர் வீட்டிலும் இருக்காது. அதனால் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஊரும் வீடும்

ஹாமில்டன் கான்சாஸ் சிட்டியிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரத் தொலைவு. 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,800 சொச்சம். அமெரிக்கா முழுக்கக் கிளை பரப்பிய ஜே.சி. பென்னி கடைகளை நிறுவிய ஜேம்ஸ் கேஷ் பென்னி 1875இல் பிறந்தது இந்த ஊரில்தான். தன் 500ஆவது கடையை அவர் 1924இல் சொந்த ஊரிலேயே திறந்தார். அந்தப் பெருமை எல்லாம் பழங்கதையாகி, மெயின் ரோட்டுக் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக் கிடந்த காலத்தில்தான் நம் கதை நடக்கிறது.

டோன் குடும்பம் 1990களில் கலிபோர்னியாவை விட்டு இங்கே வந்தது. ஏழு பிள்ளைகள். கணவர் ரான், கான்சாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழில் எந்திரங்களைப் பராமரிக்கும் மெக்கானிக். ஜென்னி நாடகங்களுக்கு உடை தைத்தவர். குவில்ட் தைக்கக் கற்றுக்கொண்டது பிறகுதான். 2008 நிதி நெருக்கடியில் அவர்களுடைய ஓய்வுக்காலச் சேமிப்பு கரைந்துபோனது. செய்தித்தாள் தொழிலும் அப்போது ஆட்டம் கண்டிருந்தது. அம்மா அப்பாவுக்கு ஏதாவது ஒரு வருமானம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஆலனும் அவருடைய அக்கா தங்கைகளில் ஒருவரான சாராவும் யோசித்தார்கள். ஊரில் போர்வைகள் மாதக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன என்றால் அந்த வேலைக்குக் கிராக்கி இருக்கிறது என்றுதானே பொருள்? நீண்ட கை எந்திரம் ஒன்றைக் கடனில் வாங்கினார்கள். அது வீட்டுக்குள் அடங்காது என்பதால் ஒரு பழைய கட்டடத்தையும் வாங்கினார்கள். கட்டடத்துக்கு 24,000 டாலர். எந்திரம் அதைவிட விலை அதிகம். ஊரின் நிலைமையை இந்த ஒரு ஒப்பீடே சொல்லிவிடும்.

ஆக, தொழிலின் முதல் சரக்கு துணி அல்ல. வீட்டில் தேங்கிக் கிடந்த பாதிப் போர்வைகளை முடித்துக் கொடுக்கும் சேவை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என்ன வீடியோ அது?

1,800 பேர் ஊரில் எந்திரத்துக்கு எவ்வளவு வேலை வரும்? மூலையில் கொஞ்சம் துணிச் சுருள்கள் வாங்கி வைத்தும் பார்த்தார்கள். ஆள் வரவில்லை. அப்போதுதான் ஆலன் அம்மாவிடம் யூடியூபுக்காகப் பாட வீடியோ எடுக்கலாமா என்று கேட்டார். ஜென்னி சரி என்று சொல்லிவிட்டு, பாட வீடியோ என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டதை அந்தக் குடும்பத்தார் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வீடியோக்களில் ஒன்றைப் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். தைக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முடித்த போர்வை ஜென்னிக்குப் பின்னால் தொங்கும். எடுத்தவுடன் பெயர் சொல்லி வணக்கம். இன்றைக்கு இதைத்தான் தைக்கப்போகிறோம் என்று பின்னால் கை காட்டுவார். இந்தப் பாக்கெட் ஒன்று, வெள்ளைத் துணி இத்தனை கஜம், ஓரத்துக்கு இத்தனை, அடித்துணிக்கு இத்தனை என்று கணக்கு. பிறகு ஒரே ஒரு சதுரத்தை முழுதாகத் தைத்துக் காட்டுவார். அதையே நான்கு எட்டாக அடுக்கினால் கோலம் எப்படி உருவாகிறது என்று சுவரில் ஒட்டிக் காட்டுவார். முடிந்தது.

சமையல் குறிப்பு மாதிரிதான். ஆனால் எது முதலில் வருகிறது என்று கவனியுங்கள். முடிந்த பொருள் முதலில். பிறகு தேவையான சாமான். அப்புறம்தான் வேலை. பார்க்கிறவர் மனதில் ‘நானும் முடிக்கலாம்’ என்ற எண்ணம் வந்த பிறகுதான் கத்தரிக்கோலே வெளியே வருகிறது. சாமான் பட்டியலில் விற்பனைக்கான குரல் கிடையாது. இத்தனை கஜம் வேண்டும் என்பது பாடத்தின் பகுதி. அதே பட்டியல் கடைத் தளத்தில் அப்படியே கூடையில் போடும் நிலையில் இருக்கிறது என்பது இன்னொரு விஷயம்.

ஜென்னியின் பாணிக்கு ஓர் எடுத்துக்காட்டு. குவில்டில் அடிக்கடி வருவது, இரண்டு நிற முக்கோணங்கள் சேர்ந்த சதுரம். பழைய முறையில் முக்கோணம் முக்கோணமாக வெட்டி, நுனி பிசகாமல் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். புதிதாகக் கற்பவர் அங்கேயே அழுதுவிடுவார். ஜென்னி செய்வது இது: பத்து அங்குலச் சதுரம் இரண்டை முகத்தோடு முகம் வைத்து, நாலு பக்கமும் கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்துவிடுகிறார். பிறகு மூலைக்கு மூலை இரண்டு வெட்டு. பிரித்தால் நான்கு இருநிறச் சதுரங்கள் கையில், ஒவ்வொன்றும் சுமார் ஆறரை அங்குலம். ஒரு தையல், இரண்டு வெட்டு, நான்கு சதுரம். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கே எழுந்து போய்த் துணி எடுக்க வேண்டும் போலிருந்தது.

இன்னொன்று இதைவிட அழகு. இரண்டரை அங்குல அகலத்தில் நாடா போல வெட்டிய நாற்பது துண்டுகள் சுருட்டி விற்கப்படுகின்றன. நாற்பதையும் நுனியோடு நுனி சேர்த்துத் தைத்தால் சுமார் 1,600 அங்குல நீளத்துக்கு ஒரே நாடா. இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து நீளவாக்கில் தைத்து, மடிப்பை வெட்டினால் 800 அங்குலத்தில் இரண்டு வரிசை. மறுபடி மடித்துத் தைத்தால் 400இல் நான்கு. 200இல் எட்டு, 100இல் பதினாறு, 50இல் முப்பத்திரண்டு. கால் அங்குலத் தையல் விளிம்பு இருபுறமும் உள்ளே போன பிறகு ஒவ்வொரு வரிசையும் இரண்டு அங்குலம். ஐம்பதுக்கு அறுபத்து நான்கு அங்குலத்தில் போர்வையின் மேல்துணி தயார். எந்த நிறம் எங்கே விழும் என்று யோசிக்கவே வேண்டாம், அதுவே விழும். தையல் கற்ற பெண்கள் கூடி உட்கார்ந்து யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் கட்டித் தைப்பார்கள், அதனால் அதற்குப் பெயரே பந்தயக் குவில்ட். ஜென்னியின் மிகப் புகழ்பெற்ற பாடங்களில் இது ஒன்று. ஒரு மாலைக்குள் மேல்துணி முடிந்துவிடும்.

நேர்த்தியைப் பெரிதாக நினைக்கும் தையல்காரர்கள் இந்தக் குறுக்குவழிகளை முழுதாக ஏற்கவில்லை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நாலு பக்கமும் தைத்து மூலைக்கு மூலை வெட்டினால் சதுரத்தின் வெளி விளிம்புகள் எல்லாம் நெசவுக்குச் சாய்வாகப் போகின்றன. இப்படிச் சாய்வாக வெட்டிய துணி இழுத்தால் நீளும், கவனமில்லாமல் இஸ்திரி போட்டால் கோணும். நம் ஊர் டெய்லருக்கும் இது தெரிந்த விஷயம்தான். ஆனால் ஜென்னி யாருக்குச் சொல்லித் தருகிறார் என்று பார்க்க வேண்டும். கண்காட்சியில் பரிசு வாங்கப்போகிறவருக்கு அல்ல. அலமாரியில் ஐந்து வருடமாகத் துணி வாங்கி வைத்து, வெட்டினால் கெட்டுவிடுமோ என்று பயந்து தொடாமல் இருப்பவருக்கு. அந்தப் பயம்தான் அவருடைய போட்டிக் கடை. தையல் கொஞ்சம் விலகினாலும் அதை ஒரு பெரிய குற்றமாக்காமல் சிரித்துக்கொண்டே அடுத்த துண்டுக்குப் போவதை வீடியோவில் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த ஒரு நொடி, பயந்தவருக்கு எந்த விளம்பரமும் தராத தைரியத்தைத் தருகிறது.

கட்பீஸின் பங்கு

இந்தக் கதையில் யூடியூபுக்குச் சமமான இடம் கட்பீஸுக்கு உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை.

மோடா போன்ற துணி நிறுவனங்கள் ஒரு தொகுப்பின் எல்லா வடிவமைப்புகளிலிருந்தும் ஒவ்வொரு துண்டு வெட்டி, ஒரே பாக்கெட்டாகக் கட்டி விற்கின்றன. இரண்டரை அங்குல நாடாச் சுருளுக்கு ஜெல்லி ரோல் என்று பெயர். பத்து அங்குலச் சதுரக் கட்டுக்கு லேயர் கேக். ஐந்து அங்குலச் சதுரக் கட்டுக்கு சார்ம் பேக். பலகாரக் கடை மாதிரிப் பெயர்கள். நிறப் பொருத்தம் நிறுவனமே பார்த்துவிட்டது. அளவு பிசகாமல் வெட்டியும் ஆயிற்று. கற்றுக்குட்டி தடுக்கி விழும் இரண்டு படிகள், நிறம் தேர்வதும் வெட்டுவதும், பாக்கெட்டை உடைக்கும் முன்பே கடந்தாகிவிட்டன.

மிசௌரி ஸ்டார் இந்தப் பாக்கெட்டுகளைக் கண்டுபிடிக்கவில்லை. பாடங்களை அவற்றைச் சுற்றி அமைத்தார்கள், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ பெரிய விஷயம். சுருளிலிருந்து வெட்டிக் கொடுக்கும் துணியை இணையத்தில் விற்பது சிரமம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆள் நின்று அளந்து வெட்ட வேண்டும், மிச்சம் விழும், அளவு தவறினால் திரும்பி வரும். பாக்கெட்டோ சோப்புக் கட்டி மாதிரி: எண்ணலாம், அடுக்கலாம், எடுத்துப் பெட்டியில் போட்டு அனுப்பலாம். ‘ஒரு பத்து அங்குலப் பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று வீடியோவில் சொல்லும் வாக்கியம் பார்க்கிறவருக்கு வேலையைச் சுலபமாக்குகிறது, கிடங்கில் நிற்கிறவருக்கும் சுலபமாக்குகிறது. எதைச் சொல்லித்தருவது என்ற முடிவும் எதை இருப்பில் வைப்பது என்ற முடிவும் ஒரே மேசையில் எடுக்கப்பட்டன.

நான் பார்த்த பெரும்பாலான சிறு கடைகளில் இவை இரண்டும் இரண்டு வெவ்வேறு ஆட்களின் தலைவலி. ரீல்ஸ் போடும் பையனுக்குக் கிடங்கில் என்ன தேங்கியிருக்கிறது என்று தெரியாது. கிடங்குக்காரருக்கு நேற்று எந்த வீடியோ ஓடியது என்று தெரியாது. வீடியோ ஓடி ஆர்டர் குவியும்போது சரக்கு தீர்ந்திருக்கும். அதைப் போலக் காசு வீணாகும் இடம் வேறில்லை.

பாக்கெட்டுக்கு இன்னொரு குணம் உண்டு, வீடியோ காலாவதியாகாமல் பார்த்துக்கொள்கிறது. துணித் தொகுப்புகள் சில மாதங்களில் மாறிவிடும். பழைய பூப்போட்ட துணி இனிக் கிடைக்காது. ஆனால் பத்து அங்குலச் சதுரம் என்றைக்கும் பத்து அங்குலச் சதுரம்தான். பல ஆண்டுகளுக்கு முன்பு எடுத்த பாடத்தை இன்று ஒருவர் பார்த்தாலும், இன்றைய துணியில் அதே பாக்கெட்டை வாங்கி அதே போர்வையைத் தைக்கலாம். புதுவரவைக் காட்டும் ரீல் ஒரு வாரத்தில் செத்துவிடுகிறது. செய்முறையைக் காட்டும் பாடம் கிடங்கு மாறியும் உயிரோடு இருக்கிறது. வாரம் ஒரு பாடம் என்று விடாமல் போட்டுக்கொண்டே போனதில், அந்தப் பழைய பாடங்கள் எல்லாம் இரவும் பகலும் நிற்கும் விற்பனையாளர்களாகிவிட்டன.

வாடகை நிலமும் சொந்த நிலமும்

யூடியூப் அவர்களுடைய நிலம் அல்ல. நாளைக்கே விதி மாறலாம், வேறு வீடியோ முன்னால் வரலாம். இதற்கு அவர்கள் வைத்திருந்த மாற்று, தினச் சலுகை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பொருள், நல்ல தள்ளுபடியில், இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மட்டும். வூட் என்ற அமெரிக்கத் தளம் மின்னணுப் பொருட்களில் செய்துகொண்டிருந்ததை ஆலன் துணிக்குக் கொண்டுவந்தார். அது மின்னஞ்சலில் வாடிக்கையாளர் வீட்டு வாசலுக்கே போகும்.

இங்கே எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். தினம் தள்ளுபடி என்பது ஆபத்தான மருந்து. வாடிக்கையாளரைச் சலுகைக்கு மட்டும் காத்திருக்கப் பழக்கிவிடும். நம் ஊர் இணையத் துணிக்கடைகள் பலவற்றை ‘இன்றே கடைசி’ என்ற வாசகம் கெடுத்திருக்கிறது, ஏனென்றால் நாளைக்கும் அதுதான் கடைசி. மிசௌரி ஸ்டாரில் அது கெடுக்காமல் இருந்ததற்கு நான் காணும் காரணம், சலுகைக்குப் பக்கத்திலேயே அதை என்ன செய்வது என்ற பாடமும் இருந்தது. மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கி அலமாரியில் போட்டவர் இரண்டாம் முறை வாங்கத் தயங்குவார். மலிவாக வாங்கி, அந்த வாரமே தைத்து, பேத்திக்குக் கொடுத்தவர் மறுநாள் காலை அஞ்சலைத் திறந்து பார்ப்பார். காலைக் காப்பியோடு நாளிதழ் மாதிரி அந்த மடல்.

2014இல் பிளாக் என்ற இதழையும் தொடங்கினார்கள். தைக்கும் முறைகள் நிறைந்த, வைத்துப் பார்க்கும்படியான இதழ். யூடியூபில் பிறந்த ஒரு கடை அச்சுக்குப் போவது பின்னோக்கிய நடை என்று அப்போது யாரும் சொல்லியிருக்கலாம். ஆனால் தைக்கும்போது இரண்டு கையும் துணியில் இருக்கும், மெஷின் பக்கத்தில் விரித்து வைக்கத் தாள்தான் வசதி. ஆட்கள் எந்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத்தான் இது தோன்றும்.

இந்த ஆட்டத்தில் ஒரே முகத்தை நம்பியிருப்பது பெரிய பலவீனம். ஜென்னிக்கு உடம்பு சரியில்லை என்றால்? மகளையும் மருமகளையும் சேர்த்து, ஒரே அமைப்பை மூவரும் மூன்று விதமாகத் தைத்துக் காட்டும் தொடர் ஒன்றை நடத்தினார்கள். இதனால் முகங்கள் கூடின. அதைவிட, ஒரே சதுரத்தை இவ்வளவு மாற்றலாம் என்று பார்க்கிறவருக்குப் புரிந்தது. ஒருமுறை தைத்தவர் அதையே மறுபடி வேறு நிறத்தில் தைக்கலாம் அல்லவா?

ஊருக்குத் திரும்பி வந்த பணம்

இணையக் கடை பெருத்தால் கிடங்கு பெரிதாகும், அவ்வளவுதான் நாம் எதிர்பார்ப்பது. ஹாமில்டனில் நடந்தது வேறு. வீடியோவில் பார்த்த அம்மாவை நேரில் பார்க்க ஆட்கள் காரிலும் பேருந்திலும் வர ஆரம்பித்தார்கள். பூட்டிக் கிடந்த கட்டடங்களை டோன் குடும்பம் ஒவ்வொன்றாக வாங்கிச் சீரமைத்தது. ஒரே பெரிய கடையாகக் கட்டாமல் துணி வகைக்கு ஒரு கடை: ஒற்றை நிறத் துணிகளுக்கு ஒன்று, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிக்கு ஒன்று, குழந்தைத் துணிக்கு ஒன்று, பண்டிகைக் காலத் துணிக்கு ஒன்று, பழங்கால அச்சுக்கு ஒன்று. பன்னிரண்டுக்கும் மேல். வருகிறவர் ஒரு நாள் முழுக்கத் தெருவில் நடக்க வேண்டும். இடையில் பசிக்கும். உணவகங்கள் திறந்தன.

மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நடைபாதையில் நின்ற கணவர்களுக்கென்று ஓர் இடமும் உண்டு. மேன்ஸ் லேண்ட் என்று பெயர். சாய்வு நாற்காலி, டிவி, பில்லியர்ட்ஸ் மேசை. தி.நகரில் சேலைக்கடை வாசல் படிக்கட்டில் பைகளோடு உட்கார்ந்திருக்கும் அப்பாக்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் இந்த யோசனையின் அருமை எனக்கு நன்றாகவே தெரியும். அவர் சோர்ந்து போனால் அந்த அம்மா சீக்கிரம் கிளம்பிவிடுவார்.

பென்னியின் 500ஆவது கடை இருந்த கட்டடமும் இன்று மிசௌரி ஸ்டார் வசம். நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை. 2015இல் அமெரிக்காவின் சிறுதொழில் நிர்வாகத் துறை ஆலன், சாரா, அவர்களுடைய கூட்டாளி டேவிட் மிஃப்சட் மூவரையும் அந்த ஆண்டின் தேசியச் சிறுதொழில் முனைவோராகத் தேர்ந்தெடுத்தது. மாதக்கணக்கில் வரிசையில் கிடந்த ஒரு போர்வையிலிருந்து ஏழே ஆண்டு.

இந்த இடத்தில் பலரும் ஒரு பெரிய முடிவுக்குத் தாவுவார்கள்: பழைய கடைகள் செத்தன, வீடியோ போட்டவர்கள் பிழைத்தார்கள் என்று. ஜே.சி. பென்னி நிறுவனம் 2020 மே மாதம் திவால் மனு போட்டது உண்மை. 1943இல் தொடங்கி அமெரிக்காவின் மிகப் பெரிய துணி, கைவினைக் கடைச் சங்கிலியாக வளர்ந்த ஜோஆன் 2024 மார்ச்சிலும் மறுபடி 2025 ஜனவரியிலும் திவாலாகி, சுமார் 800 கடைகளையும் மூடியதும் உண்மை. ஆனால் ஜோஆனிடம் வீடியோ இல்லாததா காரணம்? 2011இல் முதலீட்டு நிறுவனம் ஒன்று அதை 160 கோடி டாலருக்கு வாங்கியபோது ஏற்றிவைத்த கடன் சுமை, பெருந்தொற்றுக் காலத்துத் தையல் மோகம் வடிந்தது, ஊருக்கு ஊர் கடை வாடகை எல்லாம் சேர்ந்தது. வீடியோவை எல்லா நோய்க்கும் மருந்தாகச் சொல்கிறவர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

மிசௌரி ஸ்டாரிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாதவையும் உண்டு. அவர்கள் தொடங்கிய காலத்தில் யூடியூபில் குவில்ட் பாடங்கள் குறைவு. இன்று எந்தக் கைத்தொழிலைத் தேடினாலும் ஆயிரம் பேர். அமெரிக்காவில் குவில்ட் தைப்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளை வளர்த்து முடித்த, நேரமும் கையில் கொஞ்சம் காசும் உள்ள பெண்கள். அப்படியொரு வாடிக்கையாளர் கூட்டம் எல்லாப் பொருளுக்கும் அமையாது. ஜென்னியின் சிரிப்பையும் கடன் வாங்க முடியாது.

எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது. அதை நான் ஒருமுறை சோதித்துப் பார்த்தேன்.

ஈரோட்டுக்காரர் எடுத்த தொலைபேசி

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஈரோட்டில் இருந்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸாப்பிலும் ஜாக்கெட் துணி விற்கிறார். தினம் ஒரு ரீல். புதுவரவை மேசையில் விசிறி மாதிரி விரித்து, அந்த வாரம் எது ஓடுகிறதோ அந்தப் பாட்டைப் போடுவார். இதயக் குறிகள் வந்தன. ஒருமுறை வாங்கியவர் மறுபடி வருவது குறைவாகவே இருந்தது. விலையைக் குறைக்கலாமா, விளம்பரத்துக்குப் பணம் கட்டலாமா என்று என்னிடம் கேட்டார்.

"அக்கா, எதுவும் செய்யவேண்டாம். பழைய வாடிக்கையாளர் பத்துப் பேருக்குப் போன் போடுங்க. துணி நல்லா இருந்துதான்னு கேக்காதீங்க, தைச்சுட்டீங்களான்னு மட்டும் கேளுங்க" என்றேன்.

சாயங்காலம் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. "தம்பி, பாதிப் பேருக்கு மேல தைக்கவே இல்லப்பா. பீரோவுலயே கெடக்குதாம்."

காரணங்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். டெய்லர் தேதி சொல்லவில்லை. பொருத்தமான நிறத்தில் லைனிங் கிடைக்கவில்லை. லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் கொடுத்து, முதல் துவைப்பிலேயே சுருங்கி ஜாக்கெட் இழுத்துக்கொண்டது, அந்தப் பயத்தில் அடுத்ததைக் கொடுக்கவில்லை. ஒரு அம்மா அளவு ஜாக்கெட் பழசாகிவிட்டது, புதிதாக அளவெடுக்கக் கூச்சமாக இருக்கிறது என்றாராம். ஹாமில்டனில் எந்திரத்துக்காகக் காத்திருந்த போர்வைகளும் ஈரோட்டு பீரோவில் கிடந்த ஜாக்கெட் துணிகளும் ஒன்றுதான். உள்ளே தேங்கியிருக்கும்வரை வெளியிலிருந்து எவ்வளவு தள்ளினாலும் ஏறாது.

அதற்குப் பிறகு அவர் செய்தவை சின்னச் சின்ன வேலைகள். ஒவ்வொரு துணிக்கும் நிறம் பொருந்தும் பருத்தி லைனிங்கை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, ஒரே உறையில் சேர்த்துக் கொடுக்கிறார். கொக்கியும் அதே நிற நூலும் கூட. ரீல்களைக் குறைத்துவிட்டு, வீட்டிலேயே கண்ணாடி முன் நின்று அளவெடுத்து டெய்லருக்கு எழுதிக் கொடுப்பது எப்படி என்று ஒரு வீடியோ எடுத்தார். தானே அளந்து காட்டினார், டேப் ஒருமுறை நழுவியது, அதை வெட்டாமல் விடச் சொன்னேன். முதலில் மறுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். அந்தந்த ஊரில் சொன்ன தேதிக்குத் தைத்துத் தரும் டெய்லர்களை வாடிக்கையாளர்களிடமே கேட்டுக்கேட்டுப் பட்டியல் சேர்க்கிறார். இது அவர் துணியே விற்காத வேலை, ஆனால் அவருக்கு இப்போது அதில்தான் அதிக நேரம் போகிறது.

எண்ணிக்கையையும் மாற்றிக்கொண்டார். முன்பு காலையில் எழுந்ததும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று போனைத்தான் பார்ப்பார். இப்போது மேசை மேல் நூறு பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படம் அனுப்புகிறவர்களின் பெயரும் ஊரும் தேதியும் அதில் ஏறுகின்றன. போன வாரம் நான் போயிருந்தபோது, வாங்கி ஒன்பது மாதம் கழித்து ஒரு படம் வந்திருந்தது. மகளின் வளைகாப்புக்காகத் தைத்தாராம். படத்துக்குக் கீழேயே, அதே மயில் கழுத்துப் பச்சையில் இன்னும் இரண்டு மீட்டர் இருக்குமா என்று கேட்டிருந்தார். அக்கா எழுந்து போய் அடுக்கில் தேடிக்கொண்டிருந்தார்.